பால்கனிக்குள் ஒரு படுக்கையறை

ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கிப் போட்டிருக்கும் பலர் அதில் குடியிருப்பதில்லை. பிழைப்பு சென்னையிலோ பெங்களூரிலோ கடல் தாண்டியோ நடக்கிறது. மார்கழியில் பகல்பத்து இராப்பத்து, பங்குனி உத்திரத்துக்குச் சேர்த்தி, சித்திரையில் தேர் என்று வருடத்தில் சில வாரங்கள்தான் அந்த வீட்டுப் பூட்டு திறக்கும். திறந்துவிட்டால் கூட்டம் தாங்காது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின இரவு, விடியற்காலைப் பரமபத வாசல் திறப்புக்காக, சித்தப்பா குடும்பம், சம்பந்தி வீட்டார், அத்தையும் அவருடைய சிநேகிதியும் என்று இரண்டு படுக்கையறை வீட்டில் பத்துப் பேர் படுத்தாக வேண்டும். அப்போதுதான் வீட்டுக்காரர் கண்ணில் பால்கனி படுகிறது. நாலடி அகலம், பத்துப் பதினோரு அடி நீளம். நாலு துணி காய்கிறது, ஒரு துளசித் தொட்டி நிற்கிறது, மற்றபடி சும்மாதான் கிடக்கிறது. கண்ணாடி போட்டு அடைத்தால் ஓர் அறை ஆயிற்றே?

அலுமினிய வேலைக்காரர் வந்து அளவெடுத்து, இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார். சொன்னபடி முடித்தும் விடுவார். ஆனால் அந்த இரண்டு நாளில் கட்டடத்தின் வெயில் கணக்கும் காற்றுக் கணக்கும் பாரக் கணக்கும் மாறிவிடுகின்றன. உயிருக்கு ஆபத்தானது பாரக் கணக்கு. அறையைப் பயன்படாமல் அடிப்பது பெரும்பாலும் வெயில்தான்.

முடிவெடுக்கும் மாதமே இதில் ஆளை ஏமாற்றுகிறது. மார்கழி இரவில் திருச்சியில் இருபது, இருபத்தொரு டிகிரி. காவிரிக்கரைப் பால்கனியில் நின்றால் போர்வை தேடத் தோன்றும். இவ்வளவு குளிர்ச்சியான இடத்தை வீணாக்குகிறோமே என்று தோன்றுவது நியாயம்தான். அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் அங்கே சுவர் இல்லாததுதான் என்பது அந்த நேரத்தில் உறைப்பதில்லை.

திருச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள எல்லா இந்திய ஊர்களையும் போல இங்கும் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 18 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 24 வாக்கில் மறுமுறை. அன்று பகல் 12 மணி 15 நிமிடம் போல வெயிலில் நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. தமிழ்க் கணக்கில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை, நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று வடக்கு வானில் சுமார் 77 பாகை உயரம். டிசம்பர் 21 அன்று தெற்கு வானில் சுமார் 56 பாகை உயரம்.

இந்த எண்களைப் பால்கனியில் வைத்துப் பார்க்கலாம். மேல்மாடிப் பால்கனியின் தளம் உங்கள் பால்கனிக்குக் கூரை. நாலடி, அதாவது 1.2 மீட்டர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாத நண்பகலில் அந்தக் கூரையின் நிழல் ஐந்து மீட்டருக்கு மேல் கீழே இறங்கும். உட்சுவர் முழுக்க நிழலில் இருக்கும். தெற்குப் பார்த்த பால்கனியில் கோடையில் நண்பகல் வெயில் விழவே விழாது. மார்கழியில்தான் விழும், அப்போது அது சுகம். ஆகவே தெற்குப் பால்கனியை அடைத்தவர் அதிகம் வருந்துவதில்லை. வடக்குப் பால்கனியை அடைத்தவரும் ஓரளவு தப்பித்துக்கொள்வார். கண்ணாடிக்கு மேல் நிழல் தர எதுவும் மிஞ்சாவிட்டாலும், நண்பகல் கதிர் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும் கோணத்தில் வருவதால் கணிசமான பகுதி எதிரொளித்துப் போய்விடுகிறது.

கிழக்குக்கு வெயில் உண்டு, ஆனால் காலையோடு சரி. மேற்குதான் வம்பு. மே மாதம் மாலை நாலு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 35 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்தக் கோணத்தில் வரும் வெயிலுக்கு மேலே உள்ள கூரையால் பெரிய பயனில்லை. நாலடிக் கூரை முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமாக நிழல் தரும், அவ்வளவுதான். பால்கனி திறந்திருந்தபோதும் இதே வெயில் உட்சுவரில் அடித்தது. ஆனால் சூடான சுவரையும் தரையையும் தொட்ட காற்று எழுந்து வெளியே போய்க்கொண்டே இருந்தது. நாம் கண்ணாடியை வைப்பது அந்தப் போக்கு வழியில்.

கண்ணாடி அறை ஏன் சூடாகிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் ஒரு விடை உண்டு. வெயிலின் ஒளி கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருகிறது, தரை சூடாகி அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது, அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. இது பொய்யில்லை, ஆனால் முழு விடையும் இல்லை. 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றின் மேல் கண்ணாடித் தகடு, இன்னொன்றின் மேல் இந்துப்புத் தகடு. இந்துப்பு அகச்சிவப்பை நன்றாகவே வெளியே விடும். பாட விடை மட்டுமே காரணமென்றால் இந்துப்புப் பெட்டி குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடாயின. பெட்டிக்குள் அடைபட்ட காற்று மேலே எழுந்து போக முடியாததுதான் முக்கியக் காரணம் என்று வுட் சொன்னார். மேற்குப் பால்கனிக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. என்ன கண்ணாடி போடுகிறோம் என்பதைவிட எவ்வளவு திறக்கும்படி போடுகிறோம் என்பதே பெரிய கேள்வி.

ஆனாலும் உள்ளே வரும் வெப்பத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம். கோடை மாலையில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் வெயில் விழுவது சாதாரணம். சாதாரணத் தெளிவான கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விடும். பத்தடிக்கு ஐந்தடி ஜன்னல் என்றால் சுமார் 4.6 சதுர மீட்டர். பெருக்கினால் 2,200 வாட். ஒரு டன் ஏசி அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். ஐந்தில் மூன்று பங்கு அந்த ஜன்னலுக்கே சரியாகிவிடும், ஆட்களை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே.

உடனே திரைச்சீலை போடுவோம். உள்ளே போடும் திரை கண்ணைக் காப்பாற்றும், அறையைக் காப்பாற்றாது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரை விழுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடுகிறது. கறுப்புக் கண்ணாடியும் ஓரளவு இதே கதை. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். நம் ஊர் மூங்கில் தட்டி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. விலை குறைவு என்பதாலேயே அதற்கு மதிப்புக் குறைவு. வெளியில் தட்டி தொங்கினால் கட்டடத்தின் முகப்பு கெட்டுப்போகும் என்று சில குடியிருப்புச் சங்கங்கள் தடுக்கின்றன. பத்துக் கண்ணாடிப் பெட்டிகளும் பத்து ஏசிகளும் தொங்கினால் மட்டும் முகப்பு எப்படி அழகாகிறது என்பது எனக்கு விளங்கியதில்லை.

சுவர் வைத்து அடைத்தால் வேறு தொல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டை உட்பக்கத்துக்குக் கடத்த ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நாலு மணி வெயில் இரவு பத்து, பதினோரு மணிக்கு உள்ளே வந்து சேரும். படுக்கையறைக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. நாலரை அங்குலச் சுவரில் அது இன்னும் முன்னதாகவே வந்துவிடும். போதாததற்குப் பால்கனித் தளம் கீழிருந்தும் விளிம்பிலிருந்தும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. உள் அறைகளைப் போல நாலு பக்கமும் வேறு அறைகள் போர்த்திய இடம் இல்லை இது.

இதுவரை சொன்னது எந்த வெயில் ஊருக்கும் பொருந்தும். காற்றுதான் இந்த ஊருக்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு அருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அந்தக் கணவாய் வழியாகக் கோவை, கரூர் தாண்டி இந்தப் பக்கம் வீசுகிறது. ஆனி பிறந்தால் முக்கொம்புப் பக்கமிருந்து ஸ்ரீரங்கத்துக்குள் நுழையும் மேல்காற்று ஆடி முடியும்வரை ஓயாது. காவிரியும் கொள்ளிடமும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் நடுவில் இருக்கும் தீவுக்கு அந்தக் காற்றைத் தடுக்கப் பெரிதாக எதுவுமில்லை. ஆக, ஸ்ரீரங்கத்தின் மிக மோசமான வெயிலும் மிக நல்ல காற்றும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. மேற்குப் பால்கனியைக் கண்ணாடியால் அடைத்தவர் வெயிலை உள்ளே அழைத்துக்கொண்டு காற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

இழப்பு அந்த அறையோடு நிற்பதில்லை. காற்று ஒரு வீட்டுக்குள் ஓட, நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். இரண்டில் எது குறுகலோ அதுதான் பெரும்பாலும் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. பால்கனிக் கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்து சமையலறை வழியாகப் போய்க்கொண்டிருந்த காற்றுக்கு, இப்போது நடுவில் ஓர் ஆள் படுத்திருக்கும் மூடிய அறை. கூடத்து ஜன்னல் இனி வெளியே திறப்பதில்லை, இன்னோர் அறைக்குள் திறக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஜன்னல் நேரடியாக வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும், அல்லது 2.4 மீட்டருக்கு மேல் அகலமில்லாத திறந்த வராந்தாவுக்குத் திறக்கலாம் என்கிறது. வராந்தா மூடப்பட்ட நாளில் அந்தச் சலுகை போய்விடுகிறது.

திறப்பின் அளவுக்கும் கணக்கு உண்டு. எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பால்கனி அறை சின்னது, ஜன்னல் பெரியது, ஆகவே இதைச் சுலபமாக எட்டிவிடலாம். ஆனால் பின்னால் இருக்கும் கூடத்தின் தரையும் இப்போது அதே ஜன்னலை நம்பித்தான் இருக்கிறது. அதோடு, இரண்டு தடத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். மூன்று தடம் என்றால் மூன்றில் இரண்டு. கதவு போல வெளியே திறக்கும் ஜன்னலில் ஏறக்குறைய முழுப் பரப்பும் கிடைக்கும். ஆற்றங்கரைக் கொசுவுக்காக வலை போட்டால் காற்றின் வேகம் அதிலும் கணிசமாகக் குறையும்.

எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசி போட்டுக்கொள்வதாகச் சிலர் சொல்வார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. பதினோரு அடி நீளமுள்ள பால்கனி அறையின் கொள்ளளவு சுமார் 10,700 லிட்டர். தூங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் போலக் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். இரண்டு பேர், கூடத்துக் கதவும் சாத்தியிருக்கிறது, இடுக்குகளும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மணி நேரத்தில் 5,000 பங்கைத் தொடும். உண்மையில் இடுக்குகள் இருக்கும், அளவு குறையும். யாரும் மூச்சுமுட்டிச் சாகமாட்டார்கள். தலை கனத்து, தூங்கியும் தூங்காதது போல எழுந்திருப்பார்கள். பழி முந்தின நாள் பயணத்தின் மேல் விழும்.

பால்கனியிலேயே ஏற்கனவே ஏசியின் வெளி யூனிட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றரை டன் யூனிட் அறையிலிருந்து எடுத்த 5,000 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு, தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக வெளியே தள்ளுகிறது. அதை அடைத்துவிட்டு ஏன் குளிரவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. அதைவிட ஆபத்தானது கேஸ் கீசர். மூடிய இடத்தில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கேஸ் கீசர் மாட்டிய பால்கனியில் படுக்கை போடவே கூடாது.

இனி பாரம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஐ.எஸ். 875 விதித்தொகுப்பின்படி குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். பால்கனிக்கு 300 கிலோ. கூட்டம் கூடித் தேர் பார்க்கும் இடம் பால்கனிதான் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே பால்கனியில் கட்டில் போடலாமா என்று கேட்டால், முறையாகக் கட்டிய பால்கனி கட்டிலையும் தாங்கும், அதில் படுக்கும் சித்தப்பாவையும் தாங்கும். ஓரத்தில் எழுப்பும் சுவரைத்தான் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான பால்கனிகள் ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தில் பிடிப்புள்ள நீட்டுத் தளங்கள். தண்ணீர்க் குடத்தை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நேராக நீட்டி விரல் நுனியில் தொங்கவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் தோளுக்குத் தெரியும். எடை ஒன்றுதான், தூரம்தான் வேறு. நீட்டுத் தளத்தின் தோள் அது சுவரோடு சேரும் இடம். அங்கே ஏற்படும் வளைப்பு, எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு.

நாலடி நீட்டத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள பட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். விதி சொல்லும் 300 கிலோ வீதம், தளம் முழுக்கப் பரவிய பாரம் 360 கிலோ. அதன் மையம் 0.6 மீட்டர் தள்ளி. வளைப்பு 216 கிலோ-மீட்டர். இப்போது ஓரத்தில் தரையிலிருந்து கூரை வரை நாலரை அங்குலச் செங்கல் சுவர். இருபுறப் பூச்சோடு மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ. தூரம் 1.14 மீட்டர். வளைப்பு சுமார் 800. கூட்டமாக நெருக்கி நின்று தேர் பார்க்கும் பாரத்தைப் போல நாலு மடங்கு, அதுவும் நாளெல்லாம் வருடமெல்லாம் இறங்காமல் நிற்கும் பாரம். மூன்றடிக் கைப்பிடிச் சுவர் முன்பே செங்கல்லாக இருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு பழைய கணக்கில் சேர்ந்திருக்கும். மிச்சம் புதிது. கைப்பிடிச் சுவருக்கு மேல் யுபிவிசி சட்டமும் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடியும் வைத்தால் மீட்டருக்கு 40, 45 கிலோவோடு போகும். கண்ணாடியை வெயில் கணக்கில் எவ்வளவு திட்டினாலும் பாரக் கணக்கில் அதற்குத்தான் ஓட்டு.

தரையைச் சமன்படுத்துவது இன்னொரு சத்தமில்லாத பாரம். பால்கனித் தரை உள் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்கும், தண்ணீர் வடிய வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். அறையென்றால் மட்டமாக இருக்க வேண்டுமென்று இரண்டு அங்குலம் கான்கிரீட் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 120 கிலோ ஏறிவிடும். ஐப்பசி அடைமழையில் ஜன்னல் இடுக்கில் ஒழுகும் தண்ணீருக்கு வெளியேற வழியும் இருக்காது. வாட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல்.

நீட்டுத் தளத்தில் இழுபடுவது மேற்பகுதி. அதனால் முக்கியக் கம்பிகள் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அவை கீழே இறங்கிவிடுவது கட்டுமான வேலையில் பழைய நோய். ஐந்து அங்குலத் தளத்தில் கம்பி ஓர் அங்குலம் இறங்கினாலே வலுவில் நாலில் ஒரு பங்கு போய்விடும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ளடங்கி, மூன்று பக்கமும் உத்திரம் ஓடும் பால்கனிகளுக்கு இந்தக் கவலை குறைவு. எது எந்த வகை என்பதைக் கட்டட வரைபடம் சொல்லும்.

இன்னொரு ஆசை, உட்சுவரை இடித்துவிட்டுப் படுக்கையறையைப் பால்கனி வரை நீட்டுவது. தூண்களும் உத்திரங்களும் கொண்ட ஃபிளாட்டில் அது வெறும் தடுப்புச் சுவராக இருக்கலாம். வீதிக்குள் இருக்கும் பழைய மாடி வீடுகளில் சுவர்தான் வீட்டையே சுமக்கிறது. அங்கே நீட்டுத் தளத்தின் வால் சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே ஏறி நிற்கும் சுவரின் எடைதான் அந்த வாலை அழுத்திப் பிடித்து, தளம் முன்பக்கம் கவிழாமல் காக்கிறது. அந்தச் சுவரில் கை வைப்பது பால்கனியின் பிடியை விடுவது.

காற்று ஜன்னலையும் தள்ளும். விதித்தொகுப்பு திருச்சிக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 47 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். பத்தடிக்கு ஐந்தடி ஜன்னல் முழுவதையும் சேர்த்தால் 600 கிலோ. பூச்சில் நாலு திருகு போட்டு நிறுத்திய சட்டத்துக்கு அது ஆகாது. கான்கிரீட்டுக்குள் இறங்கிய போல்ட்டும் டஃபன்டு கண்ணாடியும் வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவில் பால்கனியைச் சேர்ப்பதில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி ஒரு வீட்டின் இரண்டாவது குடியிருப்பறைகூட 7.5 சதுர மீட்டருக்கும் 2.1 மீட்டர் அகலத்துக்கும் குறையக் கூடாது. நாலடிப் பால்கனியின் பரப்பு நாலு சதுர மீட்டர்தான். எவ்வளவு அழகாக அடைத்தாலும் காகிதத்தில் அது படுக்கையறை ஆகாது. மாநகராட்சி அனுமதியும் சங்கத்தின் சம்மதமும் தனி.

திறந்த இடத்தை இப்படி அடைப்பதை இந்த ஊர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகள் குறுகி நீண்டவை. பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது, அதில் ஜன்னல் வைக்க இடமில்லை. வாசல் பக்கம் திண்ணை, பின்பக்கம் கொல்லை, நடுவில் முற்றம் என்று மூன்று இடத்தில்தான் வீடு மூச்சு விட்டது. திருநாளுக்கு வந்தவர்கள் திண்ணையில் படுத்தார்கள். அது கூரைக்குக் கீழே, காற்றுக்கு நடுவே இருந்த படுக்கையறை. பிறகு திண்ணைக்குக் கம்பி வந்தது, கம்பிக்குப் பின்னால் சுவர் வந்தது, சில இடங்களில் கடை வந்தது. ரேழிகள் இருண்டன. முற்றத்துக்கும் தகரமோ கண்ணாடியோ போட்ட வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்துவிட்டு அந்தத் திண்ணைகளைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

என் தீர்ப்பு இது: அறை கட்டாதீர்கள், படுக்க இடம் செய்துகொள்ளுங்கள். திருநாள் வீட்டுக்கு இன்னொரு தனிக் காரணமும் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி அது பூட்டியே இருக்கும். பூட்டிய கண்ணாடி அறை மே மாதம் வெளி வெப்பத்தையும் தாண்டிச் சூடாகும். விட்டுப்போன மாத்திரைகள் கெடும். ஃபோம் மெத்தை பொடியும். கார்த்திகையில் அதே அறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவிட ஆளில்லாத வீட்டுக்கு, தானே திறந்திருக்கும் வழி வேண்டும். ஜன்னலுக்கு மேலேயும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் மழை அடிக்காத சாய்சட்டங்கள், அவற்றின் பின்னால் வலை. கீழே நுழைந்து மேலே போகும் காற்றுக்குச் சாவி தேவையில்லை. நடுவில் கதவு போலத் திறக்கும் ஜன்னல்கள், வெளியே சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டி, மடக்குக் கட்டில். கட்டிலையும் பீரோவையும் உட்சுவரை ஒட்டிப் போட்டால் தளத்தின் வளைப்பும் குறையும்.

மேற்குப் பால்கனிக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மேல்காற்று மலைக்கு அப்பாலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டு வருவதால் வறண்டது. வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஒரு லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 670 வாட். நனைத்த வெட்டிவேர்த் தட்டி அந்த வேலையைச் செலவில்லாமல் செய்யும், ஆனி ஆடிப் பகல்களில் மட்டும். மார்கழியில் காற்றில் ஈரம் அதிகம், அப்போது அதை மடித்து வைத்துவிடலாம்.

ஏற்கனவே அடைத்துவிட்டவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது ஸ்லைடிங் ஜன்னல். முதல் வருடம் வழுக்கிக்கொண்டு ஓடியது இப்போது நடுவில் சிக்கினால், தடத்தில் மண் சேர்ந்திருக்கலாம். அல்லது தளம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கலாம். நிரந்தரப் பாரத்தின் கீழ் கான்கிரீட் பல வருடங்களுக்குத் தொடர்ந்து வளையும், முதல் நாள் இறக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரைகூடப் போகும். இரண்டாவது, பால்கனித் தரை உட்சுவரைத் தொடும் கோடு. மேற்பகுதிதான் இழுபடுகிறது என்பதால் விரிசல் அங்கேதான், சுவருக்கு இணையாக, டைல்ஸ் இடுக்கில் தெரியத் தொடங்கும். கீழ்வீட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியாது. சாதாரணச் சூழலில் கான்கிரீட் விரிசல் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 வைத்த எல்லை. ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். டைல்ஸை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது கார்டின் விளிம்பு விரிசலுக்குள் நுழைந்தால், அன்றே பீரோவை உள்ளே தள்ளிவிட்டு, கீழே முட்டு கொடுக்க ஏற்பாடு செய்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைக்க வேண்டும். சித்தப்பாவுக்குக் கூடத்தில் பாய் போதும்.